நகத்தில் தெரிந்த செலினியம்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைய உட்கார்ந்த இரவில்தான் என் நகங்களை நான் சரியாகப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலின் நகம் ஓரத்தில் அடுக்கடுக்காகப் பெயர்ந்திருந்தது. மாவில் விழுந்துவிடக் கூடாதே என்று கையைக் கழுவிக்கொண்டு விளக்கடியில் வந்து பார்த்தபோது, எட்டு விரல்களில் நகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. தலைமுடி உதிர்வது எனக்குப் புதிதன்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தைராய்டு குறைவு என்று தெரிந்த நாளிலிருந்து அது வருவதும் போவதுமாகவே இருந்திருக்கிறது. ஆனால், புரட்டாசி முழுவதும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்த வீட்டில் என் மூச்சில் மட்டும் பூண்டு வாடை அடிப்பதாக என் கணவர் இரண்டு முறை சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்த ஆண்டின் சித்திரை மாதத்தில், எங்கள் வரிசை வீடுகளில் நான்காவது வீட்டில் இருக்கும், எனக்குத் தங்கை போன்ற ஒரு பெண், தான் உறுப்பினராகச் சேர்ந்து விற்றுவரும், செலினியம் என்ற தாதுச்சத்து அடங்கிய குப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, கிளினிக் மாத்திரை மட்டும் போட்டா பத்தாது. செலினியம் உள்ள போனாத்தான் அந்த மாத்திரையே வேலை செய்யும்" என்றாள். குளிகை ஒன்றில் 200 மைக்ரோகிராம் செலினியம் இருந்தது. அதோடு, ஓய்வு பெற்ற நாள் முதல் நான் போட்டுவந்த சத்து மாத்திரையில் இன்னொரு 55 மைக்ரோகிராம் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து மருமகள் வாங்கி அனுப்பிய பிரேசில் கொட்டைகளையும் நாளுக்கு ஐந்தாக ஏழு மாதம் மென்றேன். எல்லாவற்றையும் காலையில், கிளினிக்கில் தந்த தைராக்சின் மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவந்தேன்.

அவள் சொன்னது பொய்யன்று. தைராய்டுக்கும் செலினியத்துக்கும் உள்ள உறவு உண்மையானது, ஆழமானது, அறிவியல் கற்பித்த எனக்கே வியப்பளிப்பது. அந்த உண்மையிலிருந்து அந்தக் குப்பிக்குப் போகும் வழியில்தான் தவறு இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. தைராய்டு மாத்திரை போடும் பெண்கள் இந்த ஊரில் தெருவுக்கு நான்கு பேராவது இருக்கிறோம் என்பதால், படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துச் சேர்த்து இரண்டு இயக்குநீர்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் உள்ளது டி4 எனப்படும் தைராக்சின். மூன்று உள்ளது டி3. சுரப்பி வெளியே அனுப்புவதில் மிகப் பெரும்பகுதி டி4தான். ஆனால் உயிரணுவுக்குள் சென்று, மரபணுக்களின் மேல் அமர்ந்து, இதயத் துடிப்பையும் உடல் சூட்டையும் குடலின் அசைவையும் நிர்ணயிப்பது பெரும்பாலும் டி3. உடலில் உள்ள டி3யில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சுரப்பியில் பிறப்பதில்லை. கல்லீரல், சிறுநீரகம், தசை, மூளை போன்ற இடங்களில் டி4இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி எடுப்பதன் மூலம் உருவாகிறது. அவ்வாறு கழற்றி எடுக்கும் நொதிகளுக்கு டீஅயோடினேஸ் என்று பெயர். அவை மூன்று வகைப்படும். மூன்றின் மையத்திலும், வேலை நடக்கும் அந்த ஒற்றைப் புள்ளியில், ஒரு செலினிய அணு இருக்கிறது. அந்த இடத்தில் செலினியத்தை எடுத்துவிட்டு அதன் உறவான கந்தகத்தை வைத்தால் நொதி தன் வேகத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

இந்த மூன்றில் முதலிரண்டும் வெளி வளையத்திலிருந்து அயோடினைக் கழற்றி டி3யை உண்டாக்கக் கூடியவை. மூன்றாவது, உள் வளையத்திலிருந்து கழற்றி, வேலை செய்யாத தலைகீழ் டி3 என்ற பொருளாக டி4ஐ மாற்றிவிடுகிறது. அதாவது, விளக்கை ஏற்றும் கையும் அணைக்கும் கையும் செலினியத்தால் ஆனவை. உடல் கடுமையான நோயில் படுத்திருக்கும்போதும் நீண்ட பட்டினியிலும் டி3 குறைந்து தலைகீழ் டி3 கூடுகிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்த உடல் செய்யும் ஏற்பாடாக அது கருதப்படுகிறது. எனவே, "செலினியம் கூடினால் டி3 கூடும்" என்ற நேர்க்கோட்டுக் கணக்கு தொடக்கத்திலேயே பொருந்துவதில்லை. எந்த உறுப்பு, எந்த நேரத்தில், எந்தக் கையை நீட்டுகிறது என்பதை உடல் இடத்துக்கு இடம் தீர்மானித்துக்கொள்கிறது.

கிளினிக்கில் தரும் மாத்திரை ஏன் டி4 ஆக இருக்கிறது என்ற என் பல ஆண்டுக் கேள்விக்கும் இங்கே விடை கிடைத்தது. டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகின்றன. டி3க்கு ஒரு நாள்தான். ஆகவே டி4 என்பது ஒரு சேமிப்பு. ஒரு நாள் மாத்திரையை மறந்தாலும் உடனே கவிழ்ந்துவிடாமல், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு டி3யாக மாற்றிக்கொள்ளும் உரிமையை அது அந்தந்த உறுப்பிடமே விட்டுவிடுகிறது. தைராக்சினை எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்கர் 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரித்தெடுத்தார். டி3 என்ற ஒன்று இருப்பதை லண்டனில் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் 1952இல்தான் காட்டினார்கள். டி4ஐ டி3யாக்கும் நொதியில் செலினியம் இருப்பது தெரிய 1990, 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்துப் பாடநூல்களில் தைராய்டுப் பாடத்தில் செலினியம் என்ற சொல்லே இல்லாததற்குக் காரணம் அதுதான்.

டீஅயோடினேஸைவிட என் மனத்தில் அதிகம் தங்கியது செலினியத்தின் இன்னொரு வேலை. அதைச் சொல்ல என் அம்மா வேலை செய்த ரப்பர்த் தோட்டத்துக்குப் போக வேண்டும். அம்மா பாலுக்காகக் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். பெரட்டு என்ற காலை வருகைக் கணக்கு முடிந்து இருட்டோடு மலைக்காட்டுக்குப் போய், வெயில் ஏறியதும் பால் எடுத்து, வாளிகளைக் காண்டா என்ற தோள்கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் இல்லாமல் பால் ஷீட்டாகாது. ஆனால் அதே ஆசிட் கையில் தெறித்தால் தோல் வெந்துவிடும். அதனால் ஆசிட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். தைராய்டு சுரப்பியும் அப்படிப்பட்ட ஒரு ஸ்டோர்தான். உள்ளே இழுத்த அயோடினைத் தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் பதிக்க அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். காயம் கழுவும் அதே பொருளைச் சுரப்பி தன் உயிரணுக்களிலேயே நாள்தோறும் தயாரித்துக்கொள்கிறது. பதிக்கும் வேலையில் செலவாகாமல் மிஞ்சியது உயிரணுவுக்குள் கசிந்தால் அதன் சவ்வையும் மரபணுவையும் சிதைக்கும். அதை நீராக மாற்றித் தணிக்கும் நொதிகளுள் முக்கியமானது குளூட்டாதயோன் பெராக்சிடேஸ். அதுவும் செலினியத்தால் ஆனது என்பது 1973இல் தெரியவந்தது.

உடலின் எல்லா உறுப்புகளிலும், ஒரு கிராம் திசுவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், செலினியத்தை மிகுதியாக வைத்திருப்பது தைராய்டுதான். உணவில் செலினியம் குறையும்போது கல்லீரலும் தசையும் முதலில் தம் பங்கை இழக்கின்றன. மூளையும் தைராய்டும் கடைசிவரை தம்முடையதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பஞ்ச காலத்தில் விதைநெல்லைத் தொடாமல் காக்கும் குடும்பத்தைப் போல உடல் நடந்துகொள்கிறது. கொஞ்சம் செலினியம் குறைந்தவுடனே தைராய்டு முடங்கிவிடும் என்று மாத்திரை விற்பவர்கள் அச்சமூட்டுவதற்கு இந்த ஏற்பாடே மறுப்பு.

செலினியம் புரதத்துக்குள் நுழையும் விதத்தையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மரபுக் குறியீட்டில் யு-ஜி-ஏ என்ற மூன்றெழுத்துக்குப் பொதுவாக "இங்கே நிறுத்து" என்று பொருள்; வாக்கியத்தின் முற்றுப்புள்ளி போன்றது. ஆனால் சில புரதங்களின் செய்தியில், தொலைவில் உள்ள ஒரு மடிப்பு அதே முற்றுப்புள்ளியை "இங்கே செலினோசிஸ்டீனைச் சேர்" என்று படிக்கச் சொல்கிறது. இருபது அமினோ அமிலங்கள் என்றே நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இதுதான் இருபத்தொன்றாவது. இப்படிச் செலினியத்தைச் சுமக்கும் புரதங்களில் 25 வகைக்கான மரபணுக்கள் மனித உடலில் இருக்கின்றன. அந்த 25க்குள் தைராய்டுக்காக உழைப்பவை இத்தனை என்பது, ஒரு சிறு தாதுவுக்கு உடல் எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

ஆனாலும் இந்தத் தாது முதலில் பெயரெடுத்தது நஞ்சாகத்தான். 1817இல் சுவீடனின் பெர்சீலியஸ் அதைக் கண்டுபிடித்துக் கிரேக்க நிலவுத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார். அமெரிக்காவின் சில சமவெளிகளில் செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த புல்லை மேய்ந்த குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, குளம்புகள் வெடித்துக் கழன்ற செய்தி 1930களில் ஆராயப்பட்டது. குளம்பும் நகமும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் விரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். உடலுக்குச் செலினியம் தேவை என்பதை கிளாஸ் ஷ்வார்ட்ஸ் எலிகளைக் கொண்டு காட்டியது அதற்கெல்லாம் பிறகு, 1957இல்.

நகத்தைப் பார்த்த மறுவாரம் கிளினிக்குக்குப் போனேன். எடை பார்த்த மிஸ்ஸி (தாதி) நகங்களைக் கவனித்துவிட்டு, "இதை டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டுங்கம்மா" என்றார். டாக்டர் என் மகள் வயதுள்ளவர். வீட்டில் போடும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். மேசைமேல் குப்பிகளை வரிசையாக வைத்து, ஒரு தாளில் கூட்டல் போட்டார். குளிகை 200, சத்து மாத்திரை 55. பிரேசில் கொட்டை 28 கிராமில், அதாவது ஆறிலிருந்து எட்டுக் கொட்டைகளில், 544 மைக்ரோகிராம் செலினியம் இருப்பதாக அமெரிக்க அரசின் உணவுப் பட்டியல் சொல்கிறது. மரம் நின்ற மண்ணைப் பொறுத்து இது பல மடங்கு கூடவும் குறையவும் செய்யும். ஐந்து கொட்டைக்கு 350 என்று வைத்தாலும் மொத்தம் 600ஐத் தாண்டிவிட்டது. சாப்பாட்டில் வருவது தனி. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 55 மைக்ரோகிராம். கருவுற்றவருக்கு 60, பாலூட்டும் தாய்க்கு 70. தாண்டக்கூடாத மேல் எல்லையாக அமெரிக்காவில் 400 என்றும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மறு ஆய்வு செய்த பிறகு 255 என்றும் வைத்திருக்கிறார்கள். தேவைக்கும் எல்லைக்கும் இடையே இவ்வளவு குறுகிய வரப்புள்ள சத்துகள் அதிகமில்லை. மூச்சில் பூண்டு வாடை, நகம் பெயர்தல், முடி உதிர்தல் ஆகிய மூன்றும் செலினியம் மிகுந்ததன் அடையாளங்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

இரத்தச் சோதனை முடிவு வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் இயக்குநீர்; தைராய்டு இயக்குநீர் போதாதபோது அது ஏறும். இத்தனை ஆண்டுகள் இரண்டை ஒட்டியே நின்ற என் டி.எஸ்.எச். அளவு 6.8க்கு ஏறியிருந்தது. இதற்குச் செலினியம் காரணமில்லை. சத்து மாத்திரையில் இருந்த இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குடலில் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு அதை இரத்தத்தில் சேரவிடாமல் தடுத்திருக்கின்றன. மாத்திரை நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று நான் சேர்த்து விழுங்கிய கூட்டமே மாத்திரையை வாசலில் நிறுத்தியிருக்கிறது. தைராக்சினை வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே கோப்பியோ பசியாறலோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை மாத்திரை தொடங்கிய நாளிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக நான் கைவிட்ட ஒழுங்கு அது. வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் செலினியம் கொடுத்தால் டி4 இன்னும் நன்றாக டி3யாக மாறும் என்ற பேச்சு என்ன ஆனது? அதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 60 முதல் 74 வயதுவரையுள்ள 501 பேருக்கு, போலி மாத்திரையோ 100, 200, 300 மைக்ரோகிராம் செலினியமோ ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, இரத்தத்தில் செலினியம் ஏறியது. தைராய்டு இயக்குநீர்களில் மாற்றம் எதுவும் இல்லை. டீஅயோடினேஸுக்குத் தேவையான செலினியம் ஏற்கெனவே உள்ளவரிடம், மேலும் ஊற்றுவது நிறைந்த குடத்தில் ஊற்றுவதுதான். என் வாழ்க்கையில் அந்த மிச்ச நீர் நகத்தில் வழிந்தது.

எனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ எனப்படும் தைராய்டு அழற்சி. ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்ததால் அந்தப் பெயர். உடலின் காவற்படையே சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்கும் நோய் அது. இங்கே செலினியத்தைப் பற்றிய நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 2002இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதம் நாள்தோறும் 200 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு, சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளின் அளவு மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளிலும் எதிர்ப்பொருள் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பொருள் எண் குறைவது வேறு, நோயாளி நலமாக உணர்வதும் தைராக்சின் அளவு குறைவதும் வேறு. இந்த இரண்டாவது பயனை உறுதியாகக் காட்ட முடியாததால்தான் ஹாஷிமோட்டோ உள்ள எல்லோருக்கும் செலினியம் கொடுப்பது வழக்கமாகவில்லை. தைராய்டு மிகைச் சுரப்பில் கண் பாதிக்கப்படும் கிரேவ்ஸ் நோயில் நிலைமை சற்று மாறுபட்டது. ஐரோப்பாவில் 159 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், கண் பாதிப்பு லேசாக உள்ளவர்கள் நாளுக்கு இரு வேளை 100 மைக்ரோகிராம் வீதம் ஆறு மாதம் எடுத்துக்கொண்டபோது, அவர்களுடைய வாழ்க்கைத் தரமும் கண்ணின் நிலையும் மேம்பட்டன. கால வரையறையோடு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கப்பட்ட மருந்து அது. நான்காவது வீட்டிலிருந்து வரும் குப்பிக்கு அந்த வரையறை கிடையாது.

இந்த உறவைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செய்தி. அன்று ஜையர் என்று அழைக்கப்பட்ட இன்றைய காங்கோவின் வடபகுதியில் மண்ணிலும் உணவிலும் அயோடின் மிகக் குறைவு, செலினியமும் குறைவு. அங்கே தைராய்டு அழிந்து, உடலும் அறிவும் வளராமல் போன குழந்தைகள் பலர் இருந்தார்கள். சுரப்பியில் பெராக்சைடைத் தணிக்கும் செலினிய நொதி போதாமல் சுரப்பி அழிந்திருக்கலாம் என்று எண்ணி, நாளுக்கு 50 மைக்ரோகிராம் செலினியத்தை மட்டும் இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தைராய்டு பாதிக்கப்பட்டவர்களின் டி4 மேலும் சரிந்தது, டி.எஸ்.எச். ஏறியது. காரணம் இதுதான்: செலினியம் குறைந்திருந்தபோது டீஅயோடினேஸும் மந்தமாக இருந்ததால், இருந்த கொஞ்ச டி4 செலவாகாமல் நீடித்தது. செலினியம் வந்ததும் நொதி விழித்துக்கொண்டு, புதிதாக டி4 செய்ய அயோடின் இல்லாத உடலில் இருந்ததையும் கரைத்துவிட்டது. ஆகவே அயோடின் குறைவைச் சரிசெய்யாமல் செலினியத்தைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ உலகம் கற்ற பாடம். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றுக்குள் முந்தி எது பிந்தி எது என்ற வரிசையும் உண்டு.

அந்தப் பகுதி மக்களின் முதன்மை உணவு மரவள்ளிக் கிழங்கு என்பதைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி வராமல் போய், தோட்டத்து லயங்களைச் சுற்றி எங்கும் மரவள்ளி நட்டு, மூன்று வேளையும் அதையே தின்ற கதையை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக ஊறவைத்து வேகவைக்காத மரவள்ளியில், முக்கியமாகக் கசப்பு வகையில், சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது. உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அந்தத் தயோசயனேட், தைராய்டுக்குள் நுழையும் அயோடினோடு வாசலில் போட்டியிடும். அயோடின் போதுமான அளவு இருந்தால் இதனால் தீங்கில்லை. இல்லாத இடத்தில் கழுத்தில் கழலை வளரும். பாட்டியின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கழலை இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மீன் நிறையச் சாப்பிடச் சொன்னதாகப் பாட்டி சொல்வார். எலும்பு தெரிந்த அந்த ஆண்டுகளில் மீனுக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்வார். அவருடைய கழலைக்கு மரவள்ளி மட்டுமே காரணம் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அந்த டிரஸ்ஸரின் ஒரு சொல்லில் அயோடினும் செலினியமும் சேர்ந்தே இருந்தன என்பதை இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஏனென்றால் மீன் இரண்டையும் தருகிறது. 85 கிராம் சூரை மீனில் ஏறக்குறைய 90 மைக்ரோகிராம் செலினியம் உண்டு, அதே எடை சார்டின் டின் மீனில் 45, கோழியில் 22, அவித்த முட்டை ஒன்றில் 15. இந்த ஊர்ச் சந்தையில் கெம்போங் மீனும் இறாலும் முட்டையும் கிடைக்காத நாளில்லை. பசியாறல் கடைகளில் சார்டின் சம்பால் மணக்காத காலையும் இல்லை. மதியம் ஒரு துண்டு மீன், வாரத்தில் சில முட்டை என்று சாப்பிடும் குடும்பத்துக்கு 55 மைக்ரோகிராம் என்பது எட்டாத அளவன்று. முழுச் சைவமாக இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. செடிக்குச் செலினியம் மண்ணிலிருந்து வருவதால் அரிசியிலும் கோதுமையிலும் பருப்பிலும் அதன் அளவு விளைந்த நிலத்தைப் பொறுத்து மாறும். பின்லாந்து நாட்டில் மண் வறுமையைக் கண்டு 1980களின் நடுப்பகுதி முதல் உரத்திலேயே செலினியத்தைக் கலக்கிறார்கள். அந்நாட்டு மக்களின் இரத்தத்தில் அளவு உயர்ந்தது. வள்ளலார் வழியில் வாழும் என் நாத்தனார் போன்றவர்கள் தங்கள் உணவைப் பற்றி மருத்துவரிடமோ உணவியல் அலுவலரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. பிரேசில் கொட்டை உண்பவர்களுக்கு நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுமாறு என் அனுபவத்தின் பேரில் சொல்கிறேன்.

குளிகையும் கொட்டையும் சத்து மாத்திரையும் நின்று எட்டு மாதமாகிறது. பூண்டு வாடை சில வாரங்களில் மறைந்தது. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அந்த வெள்ளைக் கோடுகள் மெல்ல மெல்ல மேலேறி, சித்திரை மாதத்தில் நகவெட்டியோடு போயின. தைராக்சினைக் காலை ஐந்தரைக்குத் தண்ணீரோடு மட்டும் போடுகிறேன், கோப்பி ஆறரைக்கு. எட்டு வாரம் கழித்து எடுத்த சோதனையில் டி.எஸ்.எச். 2.3 இருந்தது, மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றவில்லை.

குப்பி கொடுத்த தங்கையிடம் கோபப்பட எனக்கு மனமில்லை. அவள் நம்பிக் கொடுத்தாள். நான் எழுதி வைத்த குறிப்பேட்டை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். முடிவில் அவள் கேட்டது இதுதான்: "அக்கா, அப்ப எங்கம்மாவுக்குக் குடுக்கிறதை என்ன பண்றது?" அவள் அம்மாவுக்கும் தைராய்டு மாத்திரை உண்டு. உள்ளே போய்க் கொண்டுவந்த குப்பியின் பின்பக்கத்தை என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். செலினியத்தோடு கடற்பாசித் தூளும் சேர்ந்திருந்தது. அதாவது அளவு தெரியாத அயோடின். ஹாஷிமோட்டோ உள்ளவருக்கு மிகையான அயோடின் சுரப்பியை மேலும் மந்தமாக்கக் கூடும் என்பதால், டாக்டர் பார்க்கும்வரை அதை நிறுத்தி வைக்கச் சொன்னேன். வரும் வியாழக்கிழமை அவர்களுக்குக் கிளினிக்கில் தேதி இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லாக் குப்பிகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மூவரும் காலை ஏழரைக்கே கிளம்புவதாக இருக்கிறோம்.